துறைமுகத்தை மறந்தவர்கள் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் துறைமுக நகரங்களின் எதிர்காலம் பற்றி நீங்கள் வெளியிட்ட இரண்டு பக்கக் கட்டுரையை வரி விடாமல் படித்தேன். கட்டுரையாளர் பல தேசம் சென்று வந்தவர் போலிருக்கிறது, மகிழ்ச்சி. ராட்டர்டாம் தெரிந்திருக்கிறது, சிங்கப்பூர் தெரிந்திருக்கிறது. அப்படிப்பட்டவர், "சென்னை மக்கள் தங்கள் துறைமுகத்தை மறந்துவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி வாழ்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார்.

நான் திருவொற்றியூர்க்காரன். எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து ஒரு தெரு உள்ளே வீடு. துறைமுகத்தை மறக்க எனக்கும் ஆசைதான், விட்டால்தானே! நள்ளிரவு தாண்டிக் கன்டெய்னர் லாரி வரிசை நாலடி நகர்ந்து மறுபடி பிரேக் போடும்போதெல்லாம் துறைமுகம் நினைவுக்கு வந்துவிடுகிறது. காலையில் துடைத்த மேசையை மாலையில் விரலால் தொட்டால் அப்போதும் வருகிறது. முதுகைக் காட்டுவதைப் பற்றிச் சொல்வதென்றால், எங்கள் பக்கத்துக் குப்பங்களில் கடல்தான் வீட்டுக்குள் வந்து விசாரித்துவிட்டுப் போகிறது.

கட்டுரையோடு ஒரு வண்ண வரைபடமும் போட்டிருந்தீர்கள். தெற்கே கோவளம் வரை தாராளமாக இடம் விட்டிருந்தது. வடக்கே ராயபுரத்தோடு சென்னை முடிந்துவிட்டது. காசிமேடு இல்லை, திருவொற்றியூர் இல்லை, எண்ணூர் இல்லை. துறைமுகங்களைப் பற்றிய கட்டுரையில் எண்ணூரில் இருக்கும் காமராஜர் துறைமுகத்துக்கே இடமில்லாமல் போயிற்று. அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் பழைய மாமல்லபுரம் சாலை அடுக்குமாடிக் குடியிருப்பின் விளம்பரம் இருந்ததை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

மெரினாவில் மக்கள் கடலை அனுபவிக்கும் அழகைக் கட்டுரையாளர் உருகி உருகி எழுதியிருக்கிறார். அந்த மணல் எப்படிச் சேர்ந்தது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1870-களில் கடலுக்குள் சுவர் எழுப்பிச் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கியதும் மணல் அங்கே தட்டி நின்றது. தெற்கே கரை அகன்று மெரினா விரிந்தது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல் போகவே, கடல் எங்கள் கரையை அரிக்கத் தொடங்கியது. துறைமுகத்தின் வாயும் மணலால் தூர்ந்துபோகப் பார்த்தது. சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தலைவராக இருந்த காலத்தில் கிழக்கு வாயை அடைத்துவிட்டு வடகிழக்கில் வாய் திறந்தார்கள். கப்பல்களுக்கு வழி பிறந்தது. எங்களுக்குக் கருங்கல்லும், அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் தூண்டில் வளைவும் கிடைத்தன.

காசிமேட்டுக்கு வடக்கே என் அத்தை வாழ்க்கைப்பட்ட குப்பத்தில் முதல் வரிசை வீடுகள் இருந்த இடத்தில் இன்று அலை அடிக்கிறது. அத்தை தண்ணீர் இறைத்த கிணற்றை நான் பார்த்திருக்கிறேன்; என் பேரனுக்குக் காட்ட முடியாது. மெரினாவில் காலை நடை போகிறவர்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். எங்களுக்கு வரவேண்டிய மணலில்தான் நடக்கிறார்கள், நன்றாக நடக்கட்டும்.

"சென்னைத் துறைமுகம் தூய்மையாகிவிட்டது" என்றும் ஒரு பாராட்டு இருந்தது. மறுக்கவில்லை. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2011-ல் அங்கே நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வது நின்றது. ராயபுரத்தில் துணி உலர்த்துகிறவர்கள் அன்று நிம்மதியடைந்தார்கள். அவர்களில் என் சம்பந்தியும் ஒருவர், ஆகவே சந்தோஷம்தான். ஆனால் அந்த நிலக்கரி காற்றில் கரைந்துவிட்டதா? எண்ணூருக்குப் போயிற்று. அங்கே ஏற்கெனவே அனல் மின் நிலையங்கள். சாம்பல் கலந்து கொசஸ்தலை ஆறும் முகத்துவாரமும் பட்ட பாட்டை உங்கள் பத்திரிகையே பலமுறை படம் போட்டு எழுதியிருக்கிறது. நகரம் தன் முகத்தைக் கழுவிய தண்ணீரை எங்கள் வாசலில் ஊற்றிவிட்டு, "எவ்வளவு சுத்தம் பார்" என்று எங்களிடமே காட்டுகிறது.

இனி சாலை. இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. பணி ஓய்வு பெறும் வரை ராஜாஜி சாலையில், சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். சுங்க மாளிகைப் படிகளை ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்தது. 1983-ல் கன்டெய்னர் முனையம் வந்தபோது நாட்டிலேயே இப்படித் தனியாக அமைந்த முதல் முனையம் என்று நாங்களும் பெருமைப்பட்டோம். மூட்டை சுமந்தவர்களின் வேலையைப் பெட்டி எடுத்துக்கொண்டது. சரி, காலமாற்றம். பெட்டி கப்பலிலிருந்து இறங்கக் கிரேன் வாங்கினார்கள். இறங்கிய பெட்டி ஊருக்குள் போகச் சாலை வேண்டும் என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை. 2001-ல் தனியார் வந்தார்கள், 2009-ல் இரண்டாவது முனையமும் வந்தது. லாரி வரிசை மட்டும் துறைமுகத்தின் ஜீரோ கேட் வாசலிலிருந்து வடக்கே நீண்டுகொண்டே போயிற்று.

மதுரவாயலிலிருந்து துறைமுகத்துக்குப் பறக்கும் சாலை என்று 2009-ல் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2012-ல் கூவத்தின் நீரோட்டம் கெடுகிறது என்று மாநில அரசு வேலையை நிறுத்தியது. கூவத்துக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில் நான் நெகிழ்ந்துபோனேன். எழுப்பிய தூண்கள் மேலே எதுவும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நின்றன. 2022-ல் ஈரடுக்காகக் கட்டப்போவதாகப் பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். எண்ணூர், மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் இழுத்த இழுப்பைத் தனியாக எழுதினால் அதற்கே உங்களுக்கு ஓர் இணைப்பிதழ் வேண்டும்.

லாரி ஓட்டுநர்களை நான் குறை சொல்லமாட்டேன். வரிசையில் நிற்கும் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பிடம் உண்டா, குளிக்க ஒரு குழாய் உண்டா? வண்டிக்கு அடியில் அடுப்பு பற்றவைத்துச் சோறு பொங்குகிறார்கள். எந்த ஊர்த் துறைமுகத்துக்காகச் சரக்கு ஏற்றி வருகிறார்களோ அந்த ஊரில் அவர்களுக்குக் கிடைப்பது சாலையோரமும் அபராத ரசீதும்தான். எங்கள் திருவொற்றியூர்க் கடலோரத்தில்தான் பட்டினத்தார் சமாதியும் இருக்கிறது. கடல் வணிகத்தில் சேர்த்ததையெல்லாம் உதறிவிட்டு வந்து அடங்கியவர். ஏற்றுமதி இறக்குமதியிடமிருந்து அவருக்கும் விடுதலை கிடைக்கவில்லை.

"பாதுகாப்பான, பசுமையான எதிர்காலம்" என்று கட்டுரைக்குக் கடைசிப் பத்தி. 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கொட்டிய எண்ணெய் பாரதியார் நகர்க் கரையில் கூழாகத் திரண்டது. அதைப் பிளாஸ்டிக் வாளியால் அள்ளினார்கள். எங்கள் தெரு இளைஞர்களும் போய் அள்ளினார்கள். நாள் கணக்கில் நாற்றம் போகவில்லை. 2020-ல் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்த பிறகுதான், மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் சுமார் 700 டன் அதே சரக்கு ஐந்தாண்டுகளாகக் கிடப்பது ஊருக்குத் தெரிந்தது. அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். லெபனானில் நகரம் அழிந்ததால் எங்கள் நகரம் கண்ணுக்குத் தெரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படகுகளும் வலைகளும் கறுத்தன. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு, கப்பலிலிருந்து கரைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பத்துக்காரர்கள் தூக்கத்தில் எழுந்து கண்ணெரிச்சலோடு ஓடினார்கள். இத்தனையும் தங்கள் பத்திரிகையில் வந்த செய்திகள்தாம். கட்டுரையாளருக்குத் தங்கள் பத்திரிகையைப் படிக்கும் வழக்கம் இல்லை போலும்.

சிங்கப்பூரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார். கற்றுக்கொள்வோம். அங்கே நகர மையத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் உள்ளிட்ட முனையங்களை 2027-க்குள் காலி செய்து மேற்கு ஓரத்தில் துவாஸுக்குக் கொண்டுபோகிறார்கள். காலியாகும் நிலத்தில் நகரம் வளரும். இங்கேயும் அப்படித்தான் பழைய துறைமுகத்தைப் பயணிகள் கப்பலுக்கும் பூங்காவுக்கும் விட்டுவிட்டு, பெட்டிகளை எண்ணூருக்கும் அதற்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் நகர்த்த வேண்டும் என்கிறார். துவாஸ் கடலைத் தூர்த்து எழுப்பிய நிலத்தில் நிற்கிறது. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் ஊர்கள் இருக்கின்றன ஐயா. காட்டுப்பள்ளி விரிவாக்கத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்ப்பது வளர்ச்சி பிடிக்காமல் அல்ல. திருவொற்றியூரை வந்து பார்த்ததால்தான். நகரின் நடுவில் இருந்தவர்களுக்குத் துறைமுகம் தொல்லை என்றால், அதையே எங்களிடம் தள்ளியதும் அதன் பெயர் எதிர்காலம் ஆகிவிடுகிறதா?

இத்தனையும் எழுதிவிட்டு நான் கேட்கப்போவது மிகச் சிறியது. விரைவுச் சாலையில் எங்கள் தெரு முனையில், பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் இடத்தில், விளக்கு எரிவதில்லை. சென்ற மழைக்காலத்தில் ஒரு மூதாட்டி இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே புகுந்து கடக்கும்போது இருட்டில் சாலை நடுவே இருந்த தடுப்புக்கல் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஓர் அலுவலகத்தில், சாலை தங்களுடையதல்ல என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், சாலை தங்களுடையதுதான், விளக்கு தங்களுடையதல்ல என்றார்கள். வேறோர் இடத்தில் ஓர் அதிகாரி, விளக்குப் போட்டால் லாரிகள் நிற்க வசதியாகிவிடும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். தங்கள் பத்திரிகையின் குறைகேட்கும் பகுதிக்கும் எழுதினேன். அந்த வாரம் பெசன்ட் நகரில் நடைபாதை ஓடு பெயர்ந்திருந்த படம் வெளியாயிற்று.

பழைய கடிதம் கைதவறிப் போயிருக்கலாம் என்பதால் அதன் நகலையும், அந்த முனையை இரவில் எடுத்த படத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அடுத்த வாரமாவது வெளியிட்டால் நன்றியுள்ளவனாவேன். படம் ஒரே இருட்டாக இருக்கிறதே என்று உதவி ஆசிரியர் யாராவது ஒதுக்கிவைத்தால், அதுதான் புகார் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
திருவொற்றியூர்.

(என் மகன் ஒரு கன்டெய்னர் நிறுவனத்தில் பணிபுரிவதால் பெயரை வெளியிட வேண்டாம்.)