அழாத குழந்தைய சமத்துன்னு நெனச்சோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிறவிக் குறைபாடு பத்தி போன இதழ்ல வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். உதட்டுப் பிளவு, வளைஞ்ச பாதம், இதயத்துல ஓட்டை எல்லாம் நல்லா புரியுற மாதிரி எழுதியிருந்தீங்க. எங்க வீட்டுக்காரரும் படிச்சிட்டு "நம்ம பாப்பாவுக்கு இருந்தது இதுல இல்லயே"ன்னாரு. அதான் அவளுக்கு இருந்த பிறவி தைராய்டு குறைபாடு பத்தி எழுதுறேன்.

எங்க பொண்ணு பொறந்தப்ப மூணு கிலோ. விரல் எல்லாம் எண்ணிப் பாத்து ஒரு குறையும் இல்லன்னு ரெண்டாம் நாளே டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. கெளம்புற நேரத்துல நர்ஸ் ஒருத்தங்க "மூணு நாள் முடிஞ்சதும் வந்து குதிகால்ல ரத்தம் குடுத்துட்டு போங்க"ன்னாங்க. எதுக்குன்னு அவங்களும் சொல்லல, நாங்களும் கேக்கல. பச்ச உடம்புக்காரியையும் புள்ளையையும் பதினாறு கழியாம வெளிய அனுப்ப மாட்டேன்னு அத்தை சொல்லிட்டாங்க. அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், நல்லா இருக்குற புள்ளைக்கு எதுக்கு ஊசின்னு எனக்கும்தான் தோணுச்சு.

பாப்பா அழவே அழாது. நாலு மணி நேரம் ஆனாலும் நாமதான் எழுப்பி பால் குடுக்கணும், ரெண்டு இழு இழுத்துட்டு மறுபடியும் தூங்கிடும். பாக்க வர்றவங்க எல்லாம் "என்னா சமத்து, அம்மாவ படுத்தவே மாட்டேங்குது"ன்னு சொல்ல சொல்ல எனக்குப் பெருமையா இருந்துச்சு சார், இப்ப நெனச்சாலும் வயிறு கலங்குது. கண்ணுல மஞ்சள் போகல, காலை வெயில்ல காட்டுனா சரியாயிடும்னாங்க, காட்டுனோம். மூணு நாளைக்கு ஒருக்காதான் வெளிக்குப் போகும், அதுக்கு வெத்தலக் காம்பு வச்சுப் பாத்தாங்க. தொப்புள் புடைச்சுக்கிட்டு இருந்துச்சு, அதுக்கு ஒத்த ரூபா காச வச்சு துணியால கட்டுனோம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கைவைத்தியம் பண்ணோம், எல்லாம் ஒரே நோயோட அடையாளம்னு எங்க யாருக்கும் தெரியல.

20-ம் நாள் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தாங்க. பாப்பா நாக்க வெளிய தள்ளிக்கிட்டு படுத்திருந்தத கொஞ்ச நேரம் பாத்தாங்க, உள்ளங்கால சுண்டி அழ வச்சாங்க, கரகரன்னு தொண்ட கட்டுன மாதிரி ஒரு அழுக. "பதினாலு நாள் தாண்டியும் மஞ்சள் இருக்கக் கூடாதும்மா, நாளைக்கே தைராய்டு பாருங்க"ன்னாங்க. பாத்தா டிஎஸ்எச் (தைராய்டு சரியா சுரக்கலன்னா ரத்தத்துல ஏறுற ஹார்மோன்) நூறுக்கு மேல!

பிறவி தைராய்டு குறைபாடு, அதாவது பொறக்கும்போதே தைராய்டு சுரப்பி போதுமான ஹார்மோன் சுரக்காம இருக்குறது. நம்ம நாட்டுல ஏறக்குறைய ஆயிரம் குழந்தைக்கு ஒண்ணுக்கு வருதாம். வயித்துல இருக்குற வரைக்கும் அம்மாவோட தைராய்டு ஹார்மோன் கொஞ்சம் போய்ச் சேர்றதால பொறந்தப்ப குழந்தை நல்லாதான் தெரியும். ஆனா மொத ரெண்டு மூணு வருஷத்துல மூளை வளர்றதுக்கு அந்த ஹார்மோன் கட்டாயம் வேணும், ரெண்டு வாரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சிடணும், லேட்டானா போன புத்தி வளர்ச்சி திரும்ப வராதுன்னு டாக்டர் சொன்னாரு. பொறந்த உடனே எடுத்தா எல்லா குழந்தைக்குமே டிஎஸ்எச் ஏறித்தான் இருக்கும், அதனாலதான் ரெண்டு மூணு நாள் விட்டு எடுக்குறாங்களாம். குதிகால்ல ஒரு குத்து, தடிச்ச பேப்பர்ல நாலஞ்சு சொட்டு, அவ்வளவுதான் டெஸ்ட். கனடாவுல கியூபெக்ல 1974லயே இத எல்லா குழந்தைக்கும் பாக்க ஆரம்பிச்சிட்டாங்க.

நாங்க மூணு வாரம் ஆனப்பதான் ஆரம்பிச்சோம். தெனமும் காலைல ஸ்பூன்ல நாலு சொட்டு தாய்ப்பால் விட்டு, மாத்திரைய இன்னொரு ஸ்பூனால நசுக்கி, கன்னத்து ஓரமா ஊத்துவேன். பால் பாட்டில்ல கலக்கக் கூடாது, இரும்பு டானிக்கோட சேத்து குடுக்கக் கூடாது. பத்து நாள்ல பாப்பா பசிக்கு வீறிட்டு அழுதா. அன்னைக்கு அத்தையும் நானும் சேந்து அழுதோம். இப்ப நாலு வயசு, எல்கேஜி போறா, வாய் ஓயாது.

அதே ஓபில மூணு வயசுப் பையன் ஒருத்தன பாத்தேன். இன்னும் நடக்கல, அவங்கம்மா இடுப்புல வச்சிருந்தாங்க. அவனுக்கும் இதேதான், தெரிஞ்சது ரொம்ப லேட்டு. "நான் கிரகணத்துல காய் நறுக்கிட்டேன்னு ஊரே சொல்லுது"ன்னு அந்தம்மா என்கிட்ட சொன்னப்ப எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. இந்தக் குறைபாடு இருக்குற பெரும்பாலான குழந்தைங்களுக்கு கழுத்துல தைராய்டு சுரப்பியே சரியா உருவாகாம, இல்லன்னா இடம் மாறி இருக்கும், பாப்பாவுக்கு ஸ்கேன்ல நாக்குக்கு அடில இருந்துச்சு. அதுல அந்தம்மா செஞ்ச தப்பு எங்க இருக்கு?

2013ல வந்த ஆர்பிஎஸ்கேங்குற மத்திய அரசோட குழந்தைகள் உடல்நலத் திட்டத்துல பொறந்த குழந்தைய தலை முதல் கால் வரை பாக்கணும்னு இருக்கு, நல்லது. ஆனா கண்ணால பாத்தா தெரியாததும் இருக்குன்னு தயவுசெஞ்சு எழுதுங்க. குதிகால் ரத்தம், காது டெஸ்ட், அப்புறம் பொறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கைலயும் கால்லயும் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பாக்குறது, இந்த மூணையும் ஒரு கட்டத்துல போட்டு, வெட்டி வச்சுக்குற மாதிரி பிரிண்ட் பண்ணுங்க. டிஸ்சார்ஜ் பண்றவங்களும் "வந்து ரத்தம் குடுங்க"ன்னு மட்டும் சொல்லாம, எதுக்குன்னு ஒரு நிமிஷம் நின்னு சொல்லணும்.

எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு அடுத்த மாசம் டேட்டு. "3-ம் நாள் குதிகால் ரத்தம், ரிசல்ட் கேட்டு வாங்கணும்"னு ஒரு சீட்டுல எழுதி, அவ ஆஸ்பத்திரிக்கு எடுத்து வச்சிருக்குற பைல, குழந்தைத் துணிக்கு மேலயே வச்சிட்டு வந்திருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம் பக்கம்