பட்டமரங்களைக் காக்க நிதி வேண்டுகிறோம்

அன்புடையீர்,

அழிந்தே போயிருக்கும் என்று பலரும் கைவிட்டிருந்த வண்டு நம் காட்டில் உயிரோடு இருக்கிறது. பொந்து மரம் ஒன்றின் உளுத்தூளைச் சலித்தபோது முதலில் அகப்பட்டது உடைந்த இறக்கை உறை ஒன்றுதான். பழையதாக இருக்கலாம் என்று யாரும் கொண்டாடவில்லை. அப்புறம் அதே மரத்தில் புழுக்களும், கோடையில் வண்டும் தென்பட்டன.

எந்த மரம் என்று மட்டும் சொல்ல மாட்டோம். நன்கொடையாளர்களுக்கும்தான், கோபிக்க வேண்டாம். அரிய வண்டுகளைப் பிடித்து விற்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

சரி, பணம் எதற்கு? மரங்களுக்கு. இந்த வகை வண்டுகள் வளர்ந்தபின் வாழ்வது சில வாரங்களே. அதற்குமுன் புழுவாகப் பல ஆண்டுகள் உளுத்த மரத்துக்குள்ளேயே கழிக்கின்றன. ‘பட்டுப்போச்சு, விறகுக்காவது ஆகட்டும்’ என்று நாம் வெட்டுவது அவற்றின் வீட்டை. ஐரோப்பாவில் இதேபோல் மரப்பொந்துகளில் வாழும் ‘துறவி வண்டு’ என்ற இனத்தில் பெரும்பாலானவை பிறந்த மரத்தைவிட்டு வெளியே போவதே இல்லை. பட்டமரங்களை நம்பி வாழும் ஐரோப்பிய வண்டுகளை 2018இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மதிப்பிட்டபோது, ஏறத்தாழ 18 விழுக்காட்டு இனங்கள் அழியும் ஆபத்தில் இருந்தன. முதிய மரங்கள் குறைந்ததே முக்கியக் காரணம்.

பெரிய பொந்து உருவாக நூறாண்டுக்கு மேலும் ஆகலாம். இன்றைய கிழமரங்கள் சாய்ந்துவிட்டால், இளமரங்கள் பொந்து விடும்வரை வண்டு எங்கே போகும்? ஆகவே நிதியின் பெரும்பங்கு, காட்டை ஒட்டிய நிலங்களில் முதிய மரங்களை வெட்டாமல் விடும் உரிமையாளர்களுக்கு ஈட்டுத்தொகையாகப் போகும். மரத்தூளும் சருகும் நிரப்பிய பெரிய பெட்டிகளை மரங்களில் கட்டப் போகிறோம். ஸ்வீடனில் அப்படிக் கட்டியவற்றில் பொந்து வண்டுகள் குடியேறின. நம் வண்டு ஏற்குமா என்பதைக் கட்டிப் பார்த்தால்தான் தெரியும். மிச்சம் கண்காணிப்புக்கு. ஆண் துறவி வண்டு பீச் பழ வாசனை வீசும்; அந்த வாசனைப் பொருளையே பொறியில் வைத்து, மரத்தைக் கிளறாமல் அந்த வண்டை ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். நம் வண்டுக்கும் அப்படியொரு வாசனை உண்டா என்று ஆய்வகத்தில் பார்க்கச் செலவாகும்.

விழா, பதாகை, நினைவுப் பரிசு எதற்கும் இதிலிருந்து ஒரு காசு போகாது. எல்லாத் தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கை, பணம் கொடுத்தவர் யாரும் கேட்டுப் பார்க்கலாம்.

பணம் தர வசதிப்படாதவர்கள், உங்கள் நிலத்தில் பொந்து விழுந்த மரம் நின்றால் வெட்ட ஆள் கூப்பிடுமுன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆபத்தாகச் சாய்ந்திருந்தாலும், கிளைகளை மட்டும் இறக்கி அடிமரத்தை நிற்கவிட வழியுண்டா என்று நாங்களே வந்து பார்க்கிறோம்.

இப்படிக்கு,
செயற்குழுவினர்