ஹர்கிகளை ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த அல்ஜீரிய விடுதலைப் போர் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். 1954 நவம்பரில் முதல் வெடி வெடித்தது முதல் 1962 ஜூலையில் கொடியேறியது வரை அருமையாகச் சொல்லியிருக்கிறார் கட்டுரையாளர். அந்த மக்களின் போராட்டம் நியாயமானது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பிரான்ஸ் பக்கம் நின்று அதன் ராணுவத்துக்குத் துணைப்படையாக இருந்த அல்ஜீரியர்களை, அதாவது ஹர்கிகளை, "துரோகிகள் தண்டிக்கப்பட்டார்கள்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போனது இரண்டு நாளாக மனதை அறுக்கிறது.

என் பெரியப்பா புதுச்சேரி சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் அல்ஜீரியாவில் இருந்தவர். பாலைவனம், குளிர், சாப்பாடு எல்லாம் திண்ணையில் உட்கார்ந்து கதை கதையாகச் சொல்வார். ஹர்கிகள் பேச்சு வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். "துப்பாக்கியை எண்ணி வாங்கிக்கிட்டோம்மா. ஆளுங்கள விட்டுட்டு லாரி ஏறிட்டோம்" என்பார். அதற்குமேல் பேச மாட்டார். அவருக்குக் கடைசி மாதம் வரை பென்ஷன் வந்தது. உடன் மலையேறிய ஹர்கிக்கோ சிப்பாய் என்ற தகுதிகூட இல்லை, ஒப்பந்தக் கூலி.

போர்க்காலம் முழுக்க அப்படிச் சேர்ந்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர். கொள்கைக்காகப் போனவர்கள் குறைவு. கிராமங்களைக் காலிசெய்து 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ராணுவம் முகாம்களில் அடைத்த பிறகு, உழ நிலமும் மேய்க்க ஆடும் இல்லாதவன் எங்கே போவான்? பிரான்சை எதிர்த்துப் போராடிய விடுதலை முன்னணியினர் அண்ணனைக் கொன்றார்கள் என்று போனவர்கள் உண்டு, மிரட்டலுக்குப் பணிந்தவர்களும் உண்டு. சித்திரவதைக்குத் துணைபோனவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை.

போரை நிறுத்த பிரான்சும் விடுதலை முன்னணியும் செய்த 1962 மார்ச் எவியான் ஒப்பந்தத்தில், யாரையும் பழிவாங்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். மே மாதமே, எந்த அதிகாரியும் ஹர்கிகளைத் தன் விருப்பத்துக்கு பிரான்சுக்கு அழைத்து வரக் கூடாது என்று பிரெஞ்சு அமைச்சர் லூயி ழோக்ஸ் உத்தரவு போட்டார். ஆயுதம் பறிக்கப்பட்டவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். கொல்லப்பட்டவர்கள் பல்லாயிரம்.

எப்படியோ கடல் தாண்டியவர்களுக்குக் கிடைத்தது ரிவ்சால்ட், பியாஸ் போன்ற முகாம்கள்தான். பெண்டு பிள்ளைகளோடு முதல் குளிர்காலத்தைக் கூடாரத்தில் கழித்தார்கள். பியாஸில் 1975-இல் பிள்ளைகள் கிளர்ந்தெழும் வரை அந்த வாழ்க்கை நீடித்தது. அதுபோன்ற இன்னொரு முகாமான சென்மொரீஸ் லார்துவாஸ் அருகே 2023-இல் மண்ணைத் தோண்டியபோது சின்னஞ்சிறு புதைகுழிகள் வெளிப்பட்டன. பெரும்பாலும் கைக்குழந்தைகள். அந்தக் குழந்தைகள் யாருக்குத் துரோகம் செய்தன, ஐயா?

2021-இல் அதிபர் மக்ரோன் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டு இழப்பீட்டுச் சட்டமும் வந்தது. அல்ஜீரியாவில் 'ஹர்கி' இன்றும் வசவுச் சொல்தான்.

அதே கட்டுரையாளரையே இவர்களைப் பற்றி இரண்டு பக்கமாவது எழுதச் சொல்லுங்கள். புதுச்சேரியில் அல்ஜீரியா போய்வந்த சொல்தாக்களின் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கேட்டால் பேசுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி