மாத்திரையை மேடைக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள்: எழுப்புதல் கூட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான குழுவினருக்கு,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம். தண்டையார்பேட்டையில் நீங்கள் நடத்திய மூன்று நாள் எழுப்புதல் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் நானும் ஒருவன். சிறு வயதிலிருந்தே சபையில் இருப்பவன். பிழைப்புக்கு இதே வட்டாரத்தில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக வேலை செய்கிறேன். உங்களிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொல்லப்போகும் விஷயம் உங்கள் கூட்டத்தில் மட்டும் நடப்பதில்லை. எண்ணூரிலிருந்து வியாசர்பாடி வரை மைதானம் பிடித்து மேடை போடும் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் நன்றி. முதல் நாள் பேசிய பெரியவர் வேதாகமத்தில் ரூத் புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தை விட்டு வெளியே போகவே இல்லை. வயலின் ஓரத்தை முழுவதும் அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்ற லேவியராகமக் கட்டளையை எடுத்து, ரூத் வயலில் கதிர் பொறுக்கியது பிச்சை இல்லை, அவளுக்கு நியாயப்படி சேர வேண்டியது என்று விளக்கினார். சத்தம் போடவில்லை, கைதட்டச் சொல்லவில்லை. என் வரிசையில் ஒருவர்கூட போனை எடுக்கவில்லை.

இரண்டாம் நாள் பேசிய சகோதரி நெகேமியா மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தபோது, வெறும் பெயர்ப் பட்டியலில் என்ன பேசிவிட முடியும் என்று நினைத்தேன். எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதில் சுவரை, யார் யார் எந்தப் பக்கம் கட்டினார்கள் என்ற பட்டியல் அது. அதில் சல்லூம் என்பவனோடு அவன் குமாரத்திகளும் சேர்ந்து கட்டினார்கள் என்று ஒரு வசனம் வருகிறது. அங்கே நின்றுவிட்டார். கூட்டத்தில் இருந்த பெண்களைப் பார்த்து, உங்கள் தெருவில் எந்தச் சுவர் இடிந்து கிடக்கிறது என்று கேட்டார். தண்ணீர் லாரிக்கும் ரேஷன் கடைக்கும் முன்னால் நிற்கிற பெண்களுக்கு அந்தக் கேள்வி புரியாமல் இருக்குமா? இந்த இருவரையும் மறுபடியும் கட்டாயம் அழைத்து வாருங்கள்.

மூன்றாம் நாள் சுகமளிக்கும் கூட்டம். வெளியூரிலிருந்து வந்த தேவ ஊழியர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். வசனம் ஒன்றிரண்டு வந்தது, மற்றதெல்லாம் எங்கெங்கே யாருக்கு என்ன சுகம் கிடைத்தது என்ற கதைகள். கடைசியில், விசுவாசத்தின் அடையாளமாக மாத்திரைகளை மேடைக்குக் கொண்டுவாருங்கள் என்றார். ஜனங்கள் கொண்டுபோய் வைத்தார்கள். வெள்ளைத் துணி விரித்த அந்த மேஜையை எல்இடி திரையில் பெரிதாகக் காட்டினீர்கள். நான் தினமும் எடுத்துக் கொடுக்கிற அட்டைகள்தான், பார்த்த உடனே தெரிந்தது. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் பாதி தீர்ந்த அட்டை, பிரஷர் மாத்திரை, மூச்சிரைப்புக்கு இழுக்கும் ஒரு நீல இன்ஹேலர், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின். வேளைக்கு ஒன்று என்று பேனாவால் கோடு போட்ட ஆஸ்பத்திரிக் காகிதக் கவர்களும் கிடந்தன.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா காசிமேட்டில் மீன் விற்பவர். அவரும் சுருக்குப்பையிலிருந்து சர்க்கரை மாத்திரையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வேண்டாம் அக்கா, ஜெபம் பண்ணுங்க, மாத்திரையும் போடுங்க என்றேன். "இன்னா தம்பி, மாத்திரை போட்டா விசுவாசம் இல்லேன்னு ஆயிடாதா?" என்று கேட்டார். கேலியாக இல்லை, நிஜமான பயத்தோடு கேட்டார். அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தது உங்கள் மேடை.

தேவன் சுகம் தருகிறார் என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் எந்த வேதாகமத்தை வைத்து மாத்திரையை நிறுத்தச் சொல்கிறோம்? எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் ஆயுசு கூட்டித் தருவேன் என்று வாக்குக் கொடுத்த பிறகும், அவனுடைய பிளவையின்மேல், அதாவது கட்டியின்மேல், அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னான் ஏசாயா தீர்க்கதரிசி. பவுலோடு ஊழியத்தில் இருந்த லூக்கா ஒரு வைத்தியன். துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று அதே பவுல் எழுதுகிறான், அவனுக்கு விசுவாசம் குறைவு என்று எங்கும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, லூக்கா பதினேழில் பத்துக் குஷ்டரோகிகளிடம் இயேசு சொன்னது என்ன? போய் ஆசாரியர்களிடம் காண்பியுங்கள் என்றார். அந்தக் காலத்தில் ஒருவன் சுத்தமானானா இல்லையா என்று பரிசோதித்துச் சொல்லும் பொறுப்பு லேவியராகமப்படி ஆசாரியனுடையது. ஆண்டவரே பரிசோதனைக்கு அனுப்பியிருக்கும்போது, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு வந்து சாட்சி சொல்லுங்கள் என்று நாம் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் விடாமல் வலிப்பு வந்து உயிரே போகலாம். இன்சுலினை நம்பியே இருக்கும் பிள்ளைக்கு அதை நிறுத்தினால் சில நாள்கூடத் தாங்காது. சாதாரணக் காசநோய்க்கே ஆறு மாதம் மருந்து. இருமல் நின்றதும் சுகமாகிவிட்டது என்று நடுவில் விட்டால், அடுத்த முறை அதே மருந்து கேட்காமல் போகலாம், அந்தக் கிருமி வீட்டில் இருப்பவர்களுக்கும் தொற்றும். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் இந்த நகரத்தின் ஏழை மக்களை வைத்துத்தான், சானடோரியம் என்ற காசநோய் விடுதியில் படுக்காமல் வீட்டிலிருந்தே ஒழுங்காக மருந்து சாப்பிட்டாலும் குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. அந்த ஊரில் நின்று மருந்தை விடச் சொல்வது மனதுக்கு வேதனையாக இருக்கிறது.

மருத்துவம் நமக்கு அந்நியமும் இல்லை. 1888-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த டாக்டர் மெடில்டா மக்ஃபெயில் ராயபுரத்தில் ஆரம்பித்த பணிதான் இன்றைய ரெய்னி ஆஸ்பத்திரி. நம் பாட்டிமார் பலருக்குப் பிரசவம் பார்த்த இடம். அவரும் ஊழியம் செய்யத்தான் வந்தார்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த முறை பேச வருகிறவரிடம் தேதி வாங்கும்போதே, மருந்தை நிறுத்தும்படி மேடையில் சொல்லக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். அவர் மறுத்தால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஜெபம் முடிந்ததும் உங்களில் ஒருவர் மைக்கைப் பிடித்து, டாக்டர் சொல்லும்வரை யாரும் மருந்தை விட வேண்டாம் என்று அறிவியுங்கள். அப்புறம், அன்று மேஜையில் மாத்திரை வைத்தவர்களில் பலர் உங்கள் ஜெபக் குறிப்புச் சீட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதியிருப்பார்கள். அந்தச் சீட்டுகளை எடுத்து இந்த வாரமே ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேளுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் நுழைவாயில் பக்கம் ஒரு மேஜையும் ஒரு லைட்டும் கொடுத்தால், பிரஷரும் சர்க்கரையும் பார்க்க நானும் எங்கள் சபையில் இருக்கும் நர்ஸ் சகோதரிகளும் மூன்று நாளும் வருகிறோம். மிஷினும் ஸ்ட்ரிப்பும் எங்கள் செலவு.

கர்த்தருக்குள்,
கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு சகோதரன்