நகரச் சிவன் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய நாட்டுக்கோட்டை நகரத்தார் பெருமக்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் ஊரார் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நமது கோயில் திருப்பணி நிறைவுற்று, கடந்த தை மாதம் குடமுழுக்கும், அதனைத் தொடர்ந்து 48 நாள் மண்டலாபிஷேகமும் இறையருளால் இனிதே நடந்தேறின. பாலாலயம் செய்து, திருப்பணி முடியும்வரை இறைவனைத் தற்காலிக இடத்தில் எழுந்தருளச் செய்த பிறகும், குடமுழுக்குக்கு நாள் குறிக்காமல் ஒரு மழைக்காலம் முழுவதும் காத்திருந்தது ஏன் என்று வெளியூரில் இருக்கும் புள்ளிகள் (நகரக் கணக்கில் உள்ள மணமான குடும்பத்தினர்) பலர் கேட்டிருந்தார்கள். அதை முதலில் விளக்குவது எங்கள் கடமை.

கோயிலுக்கு முன்னால் செல்லும் சாலையைப் புதுப்பித்தபோதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தார் போடப்பட்டு வந்ததால், சாலை மேடாகிக் கோயில் வாசல் பள்ளமாகிவிட்டது. ஊருணிக்குப் போக வேண்டிய தண்ணீர் சாலையைக் கடக்க வழியின்றித் தேங்கி, பெருமழைக் காலங்களில் நந்தி மண்டபம் வரை புகுந்தது. இந்த வறண்ட பூமியில் வீட்டுக் கூரையில் விழும் மழையைக்கூட வீணாக்காமல் ஊருணிக்குக் கொண்டு சேர்த்தவர்கள் நம் முன்னோர்கள். ஊருணிக்கு நீர் வர அவர்கள் வெட்டிய வரத்துக்கால் தூர்ந்து கிடக்கும்போது கோபுரத்துக்கு வண்ணம் பூசுவது முறையன்று என்று குழு கருதியது. உரிய அனுமதி பெற்றுச் சாலைக்கு அடியில் குழாய்ப் பாலம் அமைத்து, கரையிலிருந்த சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றி, வரத்துக்காலைத் தூர்வாரினோம். ஐப்பசி மழையில் ஊருணிப் படிகளில் நீர் ஏறியதையும், வாசலில் தண்ணீர் நிற்காததையும் கண்ணால் கண்ட பின்னரே சிவாச்சாரியாரை நாள் பார்க்கச் சொன்னோம்.

அடுத்த பெரிய வேலை மகாமண்டபத்தின் மேல்தளம். முந்தைய திருப்பணியில் சுண்ணாம்புத் தளத்தின் மேல் போட்ட சிமெண்ட் பூச்சு வெடித்து, உள்ளே இறங்கிய நீர் வெளியேற வழியின்றித் தங்கி, கல் இணைப்புகளில் உப்பாகப் பூத்திருந்தது. பூச்சைப் பெயர்த்தபோது கீழிருந்த செங்கல் ஜல்லி, சித்திரை வெயிலிலும் ஈரமாக, கையில் எடுத்தால் உதிரும் நிலையில் இருந்தது. அதை முழுவதும் அள்ளிவிட்டு, நீற்றிய சுண்ணாம்பும் புதிய ஜல்லியும் கலந்து பரப்பி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு எனப்படும் தட்டையான சுட்ட ஓடுகளைப் பதித்தோம். இம்முறைக்கு நாளும் கூலியும் அதிகம் பிடிக்கும். ஆயினும் சுண்ணாம்புத் தளம் வாங்கிய ஈரத்தை வெயிலில் விட்டுவிடும் என்பதால் இதில் சிக்கனம் பார்க்கவில்லை.

மணலைப் பீய்ச்சித் தூண்களைச் சுத்தம் செய்வது சிற்பங்களையும் கல்வெட்டு எழுத்துகளையும் மழுங்கடிக்கும் என்பதால், தண்ணீரும் நார்த் தூரிகையும் கொண்டே கழுவச் செய்தோம். பிரகாரத்துக்குப் பளபளப்பான கிரானைட் போட்டுத் தர முன்வந்த அன்பர்களின் நல்ல மனத்துக்கு நன்றி. அந்தக் கல் வெயிலில் சுடும், ஈரத்தில் வழுக்கும். வயதான ஆச்சிமார்கள் வெறுங்காலோடு வலம் வரும் இடமாதலால் பழைய பாவுகற்களையே மட்டம் பார்த்துத் திரும்பப் பதித்தோம்.

கலசங்களில் புதிய வரகு நிரப்பப்பட்டது. கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டும் சேர்த்து இடித்து, திருமேனிகளைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்து முறைப்படி சாத்தப்பட்டது.

சென்னையிலிருந்து வரும் பல்லவன் விரைவு ரயில் இரவில்தான் காரைக்குடி வந்து சேர்கிறது. அதற்குப் பிறகு நமது ஊருக்கு டவுன் பஸ் இல்லை. ஆகவே யாகசாலை நாட்களில் ரயிலடியில் வேன்கள் காத்திருக்க ஏற்பாடு செய்தோம். பகலில் வந்தவர்களை, நமது ஊருக்குச் சாலை பிரியும் விலக்கிலிருந்து தங்கள் ஆட்டோக்களில் கட்டணம் வாங்காமல் ஏற்றி வந்த நம்மூர் இளைஞர்களுக்குக் குழு பெரிதும் கடமைப்பட்டிருக்கிறது.

புள்ளிவரி, நன்கொடை, செலவு அனைத்தும் தணிக்கை செய்யப்பட்டு, கணக்கு தனியே அச்சிட்டு அனுப்பப்படுகிறது. ரசீதுகளை நகர விடுதியில் யாரும் பார்வையிடலாம். ஆண்டுதோறும் புரட்டாசியில், மழைக்கு முன்பாக, மேல்தள நீர்த்தாரைகளையும் வரத்துக்காலையும் துப்புரவு செய்வதற்கென மீதித் தொகையை வைப்புநிதியாக வைக்கலாம் என்பது குழுவின் கருத்து. சித்திரையில் கூடும் நகரக் கூட்டத்தில் இது முடிவுக்கு வைக்கப்படும். புள்ளிகள் தவறாது வந்து கலந்துகொள்ள வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்