எங்கள் அணியையும் விமர்சியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணியைப் பற்றி வந்த பத்தியையும், அடுத்த இதழில் அதற்கு எதிராக வந்த மூன்று வாசகர் கடிதங்களையும் படித்தேன். நடுவர்கள் கூடிப் பேசி லிவர்பூலுக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று ரசிகர்கள் சொல்வதற்கு ஆதாரமே இல்லை என்று பத்தியாளர் எழுதியிருந்தார். மூன்று கடிதங்களில் ஒன்றுகூட அவர் சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்லவில்லை. அவர் எந்த அணியின் ஆள், யாரிடம் காசு வாங்கினார் என்பதுதான் மூன்றிலும் இருந்தது. இந்த இதழில் அவருடைய பத்தியைக் காணோம். வேறு காரணம் இருக்கலாம். அந்தக் கடிதங்களுக்காக நிறுத்தியிருந்தால் அது தவறு என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நானும் லிவர்பூல் ரசிகன்தான். 2005இல் இஸ்தான்புல்லில் ஏ.சி. மிலானிடம் முதல் பாதியிலேயே மூன்று கோல் வாங்கி, அப்புறம் மூன்றையும் திருப்பி அடித்து பெனால்டியில் ஐரோப்பியக் கோப்பையை வென்றார்களே, அந்த இரவிலிருந்து இந்த அணியை விட்டதில்லை. கடிதம் எழுதிய மூவரின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

2023 செப்டம்பர் 30 அன்று டோட்டன்ஹாம் அணிக்கு எதிராக எங்கள் வீரர் லூயிஸ் டியாஸ் அடித்தது சரியான கோல். உதவி நடுவர் ஆஃப்சைடு, அதாவது விதியை மீறி எதிரணியின் கோல் பக்கம் முன்னால் நின்றார் என்று கொடி தூக்கினார். நடுவரின் முடிவைச் சரிபார்க்கும் வீடியோ அறையில் இருந்தவர்கள் படத்தைப் பார்த்து, ஆஃப்சைடு இல்லை என்று சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு 'சரிபார்த்தாயிற்று' என்று, அதாவது மைதானத்தில் எடுத்த முடிவே சரி என்று, சொல்லிவிட்டார்கள். ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டது, கோல் போயே போய்விட்டது. மூன்று நாள் கழித்து அந்த அறையின் ஒலிப்பதிவை வெளியிட்டார்கள். நானும் என் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டோம். ஆட்டம் தொடங்கிய சில நொடிகளில் ஒருவர் பதறுகிறார், ஆட்டத்தை நிறுத்தச் சொல்கிறார். இன்னொருவர் 'ஒன்றும் செய்ய முடியாது' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். பெரிய தவறு செய்துவிட்டோம் என்று உறைத்த நொடியில் ஒரு மனிதரின் குரல் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது அது. தம்பி கேட்டுவிட்டு, "இதெல்லாம் நடிப்புண்ணா" என்றான். இரண்டாம் தடவை போட்டேன், மூன்றாம் தடவையும் போட்டேன். அவன் மாறவில்லை. பதிவு வெளியாகும்வரை 'மறைக்கிறார்கள்' என்றவன், வெளியானதும் 'தயார் செய்திருக்கிறார்கள்' என்றான். எந்த ஆதாரத்தைக் காட்டினால் ஒப்புக்கொள்வாய் என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. என் தம்பி படித்தவன், நேர்மையானவன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்படி ஆகிவிடுகிறான். அதுதான் எனக்குக் கவலை.

லிவர்பூல் ரசிகர்கள் பத்திரிகைகளைச் சந்தேகிப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலில் எங்கள் ரசிகர்கள் 97 பேரை இழந்தோம். நான்கு நாள் கழித்து 'தி சன்' பத்திரிகை, ரசிகர்கள் இறந்தவர்களின் பாக்கெட்டில் திருடினார்கள், போலீஸ்காரர்கள் மேல் சிறுநீர் கழித்தார்கள் என்று முதல் பக்கத்தில் போட்டது. அதற்கு அது வைத்த தலைப்பு 'உண்மை'. அத்தனையும் பொய். போலீஸ்காரர்களின் வாக்குமூலங்களில் 164ஐத் திருத்தியிருந்தார்கள் என்று 2012இல் சுயேச்சைக் குழு ஒன்று வெளியே கொண்டுவந்தது. ரசிகர்கள் மேல் எந்தப் பழியும் இல்லை என்று மரண விசாரணை நீதிமன்றத்தின் ஜூரி சொல்ல 2016 ஆயிற்று. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்களில் பலர் அதைக் கேட்க உயிரோடு இல்லை. லிவர்பூல் நகரத்தில் இன்றும் பலர் அந்தப் பத்திரிகையைத் தொடமாட்டார்கள். அவர்கள் செய்வது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த நியாயமான கோபத்தை வைத்து நாங்கள் பிற்பாடு என்ன செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். 2011 அக்டோபரில் லிவர்பூல் வீரர் லூயிஸ் சுவாரஸ் தன் நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார் என்று மான்செஸ்டர் யுனைடெட்டின் பாட்ரிஸ் எவ்ரா புகார் கொடுத்தார். இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அமைத்த விசாரணைக்குழு சுவாரஸுக்கு எட்டு ஆட்டத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் விதித்தது. மறுநாள் விகன் அணியுடன் ஆட்டம். லிவர்பூல் வீரர்கள் சுவாரஸின் படம் போட்ட டி-சட்டையை அணிந்துகொண்டு பயிற்சிக்கு வந்தார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்து நான் கைதட்டினேன். எவ்ரா பொய் சொல்கிறார், பத்திரிகைகள் வழக்கம்போல எங்களைக் குறிவைக்கின்றன என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் வாதாடினேன். குழுவின் அறிக்கை பதினொரு நாளில் வெளியாகிவிட்டது. 115 பக்கம். அதில் ஒரு பக்கம்கூடப் படிக்காமல்தான் அவ்வளவு பேசினேன்.

பல வருடம் கழித்துத்தான் படித்தேன். லத்தீன் அமெரிக்க ஸ்பானிய மொழி வல்லுநர்களை வைத்து, எந்தச் சொல் எந்த இடத்தில் நட்பாகும், எந்த இடத்தில் வசையாகும் என்று அலசியிருக்கிறார்கள். சுவாரஸ் தான் அந்த நிறச் சொல்லை ஒரு தடவைதான் சொன்னதாக ஒப்புக்கொண்டார். குழு ஏழு தடவை என்று முடிவு செய்தது. யாருடைய பேச்சை ஏன் நம்பினார்கள் என்று படிப்படியாகக் காரணம் எழுதியிருக்கிறார்கள். படித்து முடித்தபோது வெட்கமாக இருந்தது. அன்றைய அணியில் இருந்த ஜேமி காரகர் 2019இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எவ்ராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்த டி-சட்டைக்காக மன்னிப்புக் கேட்டார். எட்டு வருடம் ஆயிற்று. 1989இல் எங்களைப் பற்றிப் பொய் எழுதினார்கள் என்பதற்காக 2011இல் எழுதியதெல்லாம் பொய்யாகிவிடுமா? அன்று அந்தக் கேள்வி எங்களில் பலருக்குத் தோன்றவே இல்லை.

உங்களுக்கு வந்த அந்த மூன்று கடிதங்களிலும் இதே குரலைத்தான் கேட்கிறேன். அதனால்தான் அந்தச் சத்தத்துக்கு நீங்கள் இடம் கொடுத்துவிடக் கூடாது என்று பயப்படுகிறேன். 2002இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. தகுதி பெற்ற நடுவர்கள் 40 பேருக்கு லிவர்பூலும் லெஸ்டரும் ஆடிய ஓர் ஆட்டத்திலிருந்து 47 மோதல்களைப் போட்டுக் காட்டினார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கூட்டத்தின் இரைச்சலோடு, மீதிப் பேருக்குச் சத்தமே இல்லாமல். இரைச்சலோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் சுமார் 15 சதவீதம் குறைவு. அவர்கள் யாரும் வேண்டுமென்றே பக்கம் சாயவில்லை. சந்தேகம் வந்த இடத்தில் கூட்டத்தைப் பகைத்துக்கொள்ள மனம் வராமல் போயிருக்கலாம், அவ்வளவுதான். பயிற்சி பெற்ற நடுவருக்கே இந்த நிலை என்றால், கைப்பேசியைத் திறந்தாலே ஆயிரம் வசவு வந்து விழும் விளையாட்டு நிருபரின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒரு வரியை எழுதுவார், இதற்கு என்னவெல்லாம் வருமோ என்று யோசிப்பார், அழித்துவிடுவார். அழித்த வரி போனது போனதுதான், அப்படி ஒன்று இருந்ததே வாசகனுக்குத் தெரியாது.

பத்திரிகைகள் பக்கமும் தவறு இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன். 2018இல், அப்போது மான்செஸ்டர் சிட்டி அணியில் ஆடிய ரஹீம் ஸ்டெர்லிங், ஒரே பத்திரிகையின் இரண்டு தலைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டுமே வீடு வாங்கிய இளம் மான்செஸ்டர் சிட்டி வீரர்களைப் பற்றியவை. வெள்ளையரான ஃபில் ஃபோடன் தன் அம்மாவுக்கு வீடு வாங்கினார் என்றது ஒன்று. கறுப்பரான டோசின் அடராபியோயோ, லீக் ஆட்டம் ஒன்றில்கூடத் தொடக்கத்திலிருந்து ஆடாதவர், வாரம் இவ்வளவு சம்பளம் வாங்குகிறவர், மாளிகைக்குப் பணத்தை வாரி இறைத்தார் என்றது மற்றது. இரண்டிலும் தகவல் பொய்யில்லை. எதைச் சொல்லி எதை விட்டார்கள் என்பதில்தான் சாய்வு இருந்தது. ஸ்டெர்லிங் அந்தப் பத்திரிகையை வெறுமனே திட்டவில்லை, இரண்டு தலைப்புகளையும் எடுத்து முன்னால் வைத்தார். ரசிகன் பத்திரிகையை எதிர்ப்பதென்றால் இப்படி எதிர்க்க வேண்டும்.

அந்த மூன்று கடிதங்களை வெளியிட்டதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எழுதியவர் காசு வாங்கினார் என்று குற்றம் சாட்டும் கடிதத்திடம், பத்தியில் எந்த வரி தவறு என்று நீங்கள் கேட்டிருக்கலாம். காட்ட முடிந்தால் கடிதத்தைப் போடுங்கள், கூடவே திருத்தத்தையும் போடுங்கள். திருத்தத்தை ஏதோ ஒரு மூலையில் இரண்டு வரியில் முடிக்காமல், தவறு வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். காட்ட முடியாவிட்டால், எழுதியவர் பக்கம் உறுதியாக நில்லுங்கள். அப்புறம் ஒன்று: புகார், விசாரணை, தீர்ப்பு என்ற மூன்றும் வேறு வேறு என்று தலைப்பைப் பார்த்தாலே தெரிய வேண்டும். புகார் நிலையிலேயே 'மாட்டினார்' என்று தலைப்பு வைத்தால், என் தம்பி போன்றவர்களுக்கு அடுத்த பத்து வருடத்துக்கு அது ஒன்றே போதும்.

அந்தப் பத்தியாளர் என் அணியைப் பற்றி எழுதியதில் இரண்டு இடங்களில் எனக்கு உடன்பாடில்லை. குறிப்பாக டியாஸ் கோல் விவகாரத்தை ஒரே வரியில் கடந்துபோனது சரியில்லை. அதை வரி வாரியாகத் தனிக் கடிதமாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இடம் இருந்தால் வெளியிடுங்கள், இல்லாவிட்டால் அவரிடமாவது கொடுத்துவிடுங்கள். அடுத்த இதழில் அவர் பத்தியை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்