சம்பளத்தைச் சொன்னால் வேலை போகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை பார்க்கிறேன். மாதா மாதம் சம்பளக் கவரை நீட்டும்போதே எங்கள் மேலாளர், "தொகையை யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் வேலை இருக்காது" என்று சொல்லிவிடுவார். பெண்கள் கவரைப் பிரிக்காமலே பைக்குள் வைத்துக்கொள்வார்கள்.

சேலைப் பிரிவில் ஓர் அக்கா பத்து வருஷத்துக்கு மேலாக நிற்கிறார். ஆடித் தள்ளுபடியின்போது புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு சேலை விரித்துக் காட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். அந்தத் தம்பிக்கு அக்காவைவிட 1,500 ரூபாய் கூடுதல் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. அக்கா போய்க் கேட்டார். "உனக்கு யார் சொன்னது?" என்று விசாரித்தார்களே தவிர, ஏன் குறைவு என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. திறமைக்கு ஏற்ப ஒருவருக்குக் கூடக் கொடுக்கட்டும், அதில் தப்பில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டாமா?

என் அம்மா முக்கூடலில் பீடி சுற்றியவர். ஆயிரத்துக்கு என்ன கூலி என்பது அங்கே தெருவுக்கே தெரியும். பீடியைக் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியிலேயே ஒருவர் பாஸ்புக்கை இன்னொருவர் வாங்கிப் பார்ப்பார்கள். யாருக்கு எவ்வளவு கழித்துவிட்டார்கள் என்ற பேச்சும் நடக்கும். கணக்கு இடித்தால் மறுநாளே நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்டுவிடுவார்கள். சம்பளம் தெரிந்தால் பொறாமை வரும், சண்டை வரும் என்கிறார்கள். அம்மாவின் கூட்டத்தில் அப்படி ஒரு சண்டையை நான் பார்த்ததே இல்லை. கல்யாணம் பேசும்போது ஊர் முன்னால் சொல்கிற சம்பளத்தை, பக்கத்தில் நின்று உழைக்கிறவரிடம் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்று 1976லேயே சட்டம் வந்துவிட்டது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் பாலின பேதம் கூடாது என்கிறது. சரி, அடுத்தவர் சம்பளமே தெரியாதவர் எதை வைத்து முறையிடுவார்? அமெரிக்காவில் பெரும்பாலான தனியார் ஊழியர்களுக்குத் தங்களுக்குள் சம்பளத்தைப் பேசிக்கொள்ளும் உரிமையை 1935ஆம் ஆண்டுச் சட்டமே தருகிறது.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். கால் கடுக்க நிற்கும் எங்களுக்கு அது பெரிய விஷயம். சம்பளத்தைப் பேசியதற்காக யாரையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்ற ஒரு விதியையும் அதே சட்டத்தில் அரசு சேர்க்க வேண்டும். அதற்கு முன்பாக, தொழிலாளர் துறையினர் ஆய்வுக்கு வரும்போது முதலாளியின் பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், எங்களையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஜவுளிக்கடை ஊழியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.